பக்கத்து வீட்டு மின்சாரம்

திபிலீசியில் காலையிலிருந்து மழை.
நாற்பத்தோராம் எண் கட்டியின் செல்களுக்கு
மருந்தைக் கொடுத்துவிட்டு
உட்கார்ந்திருக்கிறாள் சிசானா.
சிவப்பு மருந்து. உள்ளே தங்கிவிட்டால்
நுண்ணோக்கியில் கனலும்.

தனித்தனியே வளர்த்தபோது
ஒரு வகை, இரவோடு இரவாகச் சிவந்து
விடிவதற்குள் சுருண்டு கிடந்தது.
மற்றது சிவக்கவே இல்லை.
அதன் தோலெங்கும் இறைப்பான்கள்.
வந்த நஞ்சை வெளியே இறைத்துக்கொண்டேயிருக்கும்.
எந்த மருந்தானால் என்ன,
பெயர் கேட்டா இறைக்கிறது?

நேற்று முன்தினம்
இரண்டையும் ஒரே தட்டில் விட்டாள்.
இன்று,
சாக வேண்டியவை சாகவில்லை.
செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே
முடியைவிட மெல்லிய பாலங்கள்.
பச்சைச் சாயம் ஏற்றிய இறைப்பான்கள்
அவற்றின் மேல்
தலைச்சுமை போல ஆடி ஆடி
அடுத்த வீட்டுக்குப் போகின்றன.
மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை.
இரவல். அவ்வளவுதான்.

இது அவளுக்குத் தெரிந்த குளிர்காலம்.
ஊரே இருண்டு கிடந்த தொண்ணூற்று மூன்று.
எதிர்க் கட்டடத்துக்கு மட்டும்
மருத்துவமனைத் தடத்தில் மின்சாரம்.
வெல்டர் ஓத்தியா, அதுவரை
வணக்கம்கூடச் சொல்லாத மனிதர்,
முற்றத்தின் குறுக்கே
துணிக்கொடியோடு கொடியாய் ஒரு வயரை எறிந்தார்.
அம்மா எட்டிப் பிடித்தாள்.
ஒரு பல்பு. ஒரு சுருள் அடுப்பு.
தம்பியின் நெஞ்சுச் சளிக்கு வெந்நீர் ஆவி.
மின்வாரியத்து ஆட்கள் பகலில் வந்து அறுப்பார்கள்.
இரவில் மறுபடி முளைக்கும்.

இப்போது அறுக்க வந்த ஆள் அவள்.
பாலம் கட்டவிடாத ஒரு துளி
கையிலுள்ள குழாய் நுனியில் தொங்குகிறது.
நாற்பத்தொன்றின் பெயர் தெரியாது.
ஐம்பத்திரண்டு வயது, ரயில்வே கணக்கர்,
மூன்றாம் சுற்றும் பலிக்கவில்லை:
தாளில் இருப்பது இவ்வளவே.
அறுக்கத்தான் வேண்டும்.

அன்று அறுத்தவர்களின் முகம் நினைவில்லை.
ஏணி நினைவிருக்கிறது,
சுவரில் அது உரசிய சத்தமும்.

துளி விழுகிறது.
ஒரு பாலம் தொய்கிறது. இன்னொன்று.
கணக்கரின் செல்கள்
மெல்லச் சிவக்கத் தொடங்குகின்றன.
தட்டின் ஓரத்தில் மட்டும் ஒன்று
எதிரே யாருமில்லாத பக்கமாய்
விரலை நீட்டிக்கொண்டிருக்கிறது.

மணி ஏழு இருபது என்று
குறித்துக்கொள்கிறாள் சிசானா.
பிறகு நாற்காலியை
இன்னும் கொஞ்சம் கிட்டே இழுக்கிறாள்.