சூட்டில் மட்டும்

கிண்டியிலிருந்து கோயம்பேடு தாண்டும்வரை நல்ல பிள்ளை.
பாடி மேம்பாலம் ஏறும்போது
இடது சிலிண்டர் கையை விடும்.
மிச்சமுள்ள ஒன்றில் நொண்டி நொண்டி
லூகாஸ் நிறுத்தத்தில் அடங்கும் ஆர்டி.
பின்னால் எம்டிசி டிரைவர் என் வம்சத்தை விசாரிப்பார்.
ஒரு டீ, ஒரு பட்டர் பிஸ்கட், அரைமணி.
உதைத்தால்
ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொள்ளும்.

ப்ளக் மாற்றினேன். கார்ப்பரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளை ஊதினேன்.
பாயிண்டுக்கு உப்புத்தாள். கண்டென்சர் புதுசு.
அப்புறம், கெட்ட புத்தி,
வில்லிவாக்கம் பங்கில் நாலு பேர் முன்னால்
"தண்ணி கலந்துதானே ஊத்துற" என்று
குணாளனிடம் கத்தினேன்.
அவன் நாசிலைத் தொங்கவிட்டு
மீதிச் சில்லறையை எண்ணித் தந்தான்.
அன்றிலிருந்து ஐசிஎஃப் பக்கம் சுற்றிப்போய்ப் பெட்ரோல்.

வண்டி அதிலும் நின்றது.

ஞாயிறு டேங்கைக் கழற்றினேன்.
அடியில் இரண்டு காயில்கள்,
ஒரே அச்சு, ஒரே அழுக்கு.
இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிக்கொண்டு
கோயம்பேடு வரை போய்த் திரும்பினேன்.
இம்முறை செத்தது வலது.

மீட்டர் வைத்தால் எட்டு கிலோ ஓம்.
'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்' என்றது
ஆறிப்போன காயில்.
அக்காவின் ஹேர் டிரையரை எடுத்தேன்
(கிரீஸ் பட்டால் கொன்றுவிடுவாள் எஸ்தர்).
ஐந்து நிமிடம் அனல் காற்று.
ஒன்பது.
பதினொன்று.
பதினேழு.
பிறகு எண்ணே இல்லை,
திரையின் இடது ஓரத்தில் ஒற்றை ஒன்று:
அளவு மீறியது என்பதற்கு மீட்டர் போடும் குறி.
உள்ளே எங்கோ தலைமுடி போன்ற கம்பி
சூடேறும்போது மட்டும்
தன் மறுநுனியை விட்டு விலகுகிறது.
மே மாதம், பங்க் வாசல், மதியம் இரண்டு மணி.
நான் அங்கே நின்ற கோலம் நினைவுக்கு வந்தது.

சூடு ஆறுமுன் மாட்டி, ப்ளக்கை ஹெட்டில் சாய்த்து உதைத்தேன்.
ஆரஞ்சுப் பொறி, ஊதுவத்தி நுனியளவு.
மற்றதில் நீலம், சொடுக்குச் சத்தத்தோடு.

புதுப்பேட்டையில் எழுநூறு சொன்னான்,
ஐந்நூற்றைம்பதுக்கு வாங்கினேன்.
திங்கள் மாலை பாலம் ஏறியது, இறங்கியது.
டேங்க் காலி.

குணாளன் என்னைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான்.
"எவ்ளோ?"
"ஃபுல்."
"தண்ணியா, பெட்ரோலா?"
காயில், என்று ஆரம்பித்தேன்.
பின்னால் ஆட்டோ ஹாரன்.
அவன் பம்பின் கண்ணாடியை விரலால் தட்டினான்.
"ஜீரோ பாத்துக்கோ."