வேண்டாததை விடுதல்

ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம், நாற்பத்தொரு தாள்.
பாலக்காட்டுப் பயிற்சியில் தந்த அட்டவணை
மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது:
பிரித்தல் ஒன்று, ஒழுங்கு காணல் ஒன்று,
வேண்டாததை விடுதல் ஒன்று, படிவரிசை ஒன்று.
மலையாளத்திலிருந்து நானே தமிழாக்கியது.
மூன்றாவதில் எனக்கு இன்னும் சந்தேகம்.

ஏழாம் கேள்வி:
உன் வீட்டில் நடக்கும் ஒரு வேலையைக்
கணினிக்குச் சொல்வதுபோல் எழுது.

முப்பத்திரண்டு பேர் டீ போட்டிருக்கிறார்கள்.
ஒரே டீ.
எல்லாரும் ஒரே இடத்தில் சர்க்கரையை மறந்திருக்கிறார்கள்.
விடை எந்த பெஞ்சிலிருந்து எந்த பெஞ்சுக்குப் போனதென்று
அந்தச் சர்க்கரையை வைத்தே வரைந்துவிடலாம்.
நல்ல படிவரிசைதான் அதுவும்.
அதற்குக் கட்டம் இல்லை.

ஆரோக்ய ஜெர்வின், வேலந்தாவளம்,
வாய்க்கால் முறைத்தண்ணீர் எழுதியிருக்கிறான்.

ஒன்று: மதகில் தண்ணீர் வந்ததா பார்.
இரண்டு: வரவில்லை என்றால் ஒன்றுக்குப் போ.
மூன்று: வந்தால், மேல்காட்டுக்காரர் மடை அடைத்தாரா பார்.
நான்கு: அடைக்கவில்லை என்றால் போன் பண்ணு.
ஐந்து: எடுக்கவில்லை என்றால் மண்வெட்டி எடு.

ஆறாவது வரி அடிக்கப்பட்டிருக்கிறது,
இரண்டு கோடு, மேலே ஒரு கிறுக்கல்.
ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன்:
'அப்பாவை எழுப்பாதே.'

ஏழிலிருந்து தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறது.

அட்டவணைப்படி இதுதான் மூன்றாம் கட்டம்.
முழு மதிப்பெண்.
சிவப்புப் பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

குறை வேறிடத்தில்.
ஒரு சோடா மூடியைத் தாள்மேல் வைத்து ஓட்டிப் பார்த்தேன்.
ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று.
லிஜி டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.
மூடி இன்னும் மதகடியிலேயே நின்றது.
முடிவில்லாச் சுழல்: அரை குறைக்கவும்
என்கிறது அடிக்குறிப்பு.

மறுநாள் வராந்தாவில் கேட்டேன்:
தண்ணி வரலேன்னா எப்ப நிறுத்துவ?

"பஸ் வர்ற வரைக்கும், மாஷே."

எந்த பஸ் என்று கேட்டுவிட்டு
கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது.
ஏழே முக்கால், கொழிஞ்சாம்பாறை வண்டி.
மூன்றாம் பீரியடில் தூங்குகிறான் என்று
வேறொரு பதிவேட்டில்
போன மாதம் எழுதியவனும் நான்தான்.

"அதை ஏன்டா எழுதல?"
"கம்ப்யூட்டர் எதுக்கு மாஷே பஸ்ஸுல போகுது?"

தாளில் இல்லாத விடைக்கு மதிப்பெண் இல்லை.
மூன்றரை போட்டேன்.
மென்பொருள் அரையை வாங்க மறுத்தது.
முழு எண் மட்டும் என்று சிவப்பில் சொல்லிவிட்டு
கட்டத்துக்குள் மினுக்கிக்கொண்டு நின்றது,
தண்ணீர் வந்ததா பார்,
வந்ததா பார்.