மன உளைச்சல் வகையில்

ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுக்கிறவள்
எனக்கென்று ஒன்றைப் பேனாவால் எழுதுகிறேன்.
மனுதாரர்: ச. சொர்ணவடிவு, ஜெராக்ஸ் கடை, களக்காடு.
எதிர்மனுதாரர்: வண்ணார்பேட்டையில்
மாடிப்படி ஏறினால் வருகிற கம்ப்யூட்டர் கடை.

பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
'புதுசு மாதிரி' என்றுதான் பில்லில் இருக்கிறது.
மூடியைத் திறந்தால் இடது ஓரத்தில்
யாரோ ஒட்டிக் கிழித்த ஸ்டிக்கரின் பசை,
பட்டாம்பூச்சி வடிவில்.
தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தும் போகவில்லை.
ஒரு பிள்ளை படித்ததுதானே, இருக்கட்டும் என்று விட்டேன்.

பத்தொன்பதாம் நாள், ராத்திரி பதினொன்றேகால்.
பக்கத்தில் பிரம்மசக்தி நிற்கிறாள்,
கையில் சாதிச் சான்றிதழ், பிளாஸ்டிக் உறையோடு.
போலீஸ் வேலைக்குக் கடைசி நாள்.
போட்டோ ஏறிவிட்டது,
கையெழுத்து ஏறிக்கொண்டிருக்கிறது.
திரை ஒருமுறை நீலமாகி
அப்புறம் எங்கள் இரண்டு முகங்களைக் காட்டியது.

போனில் தட்டினோம். வட்டம் சுற்றியது.
பன்னிரண்டு ஆனது.
அவள் கத்தவில்லை.
'வாசல் லைட்டைப் போடுதியளாக்கா,
செருப்பைத் தேடணும்.'

ஆவணி பிறந்தால் அவளுக்கு வயசு தாண்டிவிடும்.

கடைக்காரர் தன்மையாகத்தான் பேசினார்.
'வாரண்டி பதினஞ்சு நாளுல்லாம்மா,
நாலு நாள் முந்தி வந்திருக்கப்பிடாதா?'
எடுத்த பிறகு வந்து சேர்ந்தவளிடம்
துட்டி வீட்டில் கேட்கிற மாதிரி.

பொருளின் விலை. எழுதினேன்.
பஸ் செலவு, நாங்குநேரி வழி, நாலு தடவை. எழுதினேன்.
கடை பூட்டிக் கிடந்த நாட்களும் எழுதியாயிற்று.
மன உளைச்சல் வகையில் ரூபாய்
என்ற இடத்தில் பேனா நிற்கிறது.
'அம்பதாயிரம் போடுங்க, அஞ்சு தருவாங்க'
என்கிறார் பக்கத்துப் பெஞ்சில்
ஒரு வாஷிங் மெஷினுக்காக
ஒன்றரை வருசமாய் வாய்தாவுக்கு வருகிறவர்.

பிரம்மசக்தியை எந்தப் பத்தியில் எழுத என்று
ஆணையத்து எழுத்தரிடம் கேட்டேன்.
'பில் யார் பேர்ல?'
என் பேர்ல.
'அப்போ இதுல அவங்க நுகர்வோர் இல்ல.'

எனக்குத்தான் அவள் அறுபது ரூபாய் கொடுத்திருந்தாள்.
மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
'போட்டோ எடுத்தீயள்லா' என்று
இருபதைக் கழித்துக்கொண்டு
மிச்சத்தைத்தான் வாங்கினாள்.
அவள் ஒரு மனுப் போடுவதென்றால்
களக்காட்டில் என்னிடம்தான் வரவேண்டும்.
எதிர்மனுதாரர் என்று அடித்து,
அடுத்து என் பேரை நானே அடிக்க வேண்டும்.

'சீக்கிரம்மா, மணி அஞ்சாகுது.'

நாற்பது என்று எழுதிவிட்டேன்.
கொஞ்சநேரம் அதைப் பார்த்துவிட்டு
பக்கத்தில் மூன்று சைபர் சேர்த்தேன்.