திரு. அஜிதா

கழுத்தில் போடத் தந்த அட்டையில்
திரு. அஜிதா, தக்கலை என்று அச்சடித்திருந்தது.
பின்னால ‘மதி’ சேர்த்துரட்டா என்று
பேனாவைத் திறந்தார் சங்கப் பொருளாளர்.
எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.
‘அப்போ அப்படியே கெடக்கட்டு.’
கிடந்தது.

வெட்டூர்ணிமடத்தில் இந்த மண்டபத்துக்கு
எழுபது தடவையாவது வந்திருப்பேன்.
எந்தத் தூணருகே முகம் வெளுக்கும்
எந்த ப்ளக்கில் ஷாக் அடிக்கும்
கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்.
இன்றைக்குப் பந்தி ஹாலில் லென்ஸ் கடைகள்.
வந்த ஐந்நூறு பேர் கையிலும் கேமரா.
ஒருவர் படத்தில் ஒருவர் விழாமலிருக்க
எல்லோரும் குனிந்தே நடக்கிறார்கள்.

‘அக்கா, சார் வரலியா?’
கோயம்புத்தூர்ப் பையன் கேட்டான்.
எந்த சார்?
அதன்பிறகு அந்த லென்ஸை என் கையில் தந்தான்.
ஒன்றரைக் கிலோ.
சாளை என்றால் இரண்டு நாள் குழம்பு.
ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம், தவணை உண்டு.
மனசுக்குள் கூட்டினேன்:
ஆறு கல்யாணம், மூன்று ஞானஸ்நானம், ஓர் அடக்கம்.
அடக்க வீட்டில் காசு கேட்க எனக்கு வாய் வராது,
அதைக் கழித்தேன்.

திருச்சூர் ஆல்பக் கடையில்
எல்லா மாதிரியிலும் ஒரே ஜோடி.
வெல்வெட் அட்டையில் தாலி கட்டி
தோல் அட்டையில் மோதிரம் மாற்றி
கண்ணாடி அட்டையில் நிக்காஹ் முடித்திருந்தார்கள்.
பக்கத்தில் வலைக்குள் ட்ரோன் பறந்தது.
‘இது எந்த மடியில பட்ட மீனாக்கும்?’ என்றார்
குளச்சல்காரர் ஒருவர்.
சிரித்ததில் நான் ஒருத்திதான்
படம் எடுக்காமல் சிரித்தேன்.

மேடையில் டெமோ.
வாடகை நகைகளோடு ஒரு மணப்பெண்,
கீழே நாற்பது கேமரா, ஒரே ஒரு ட்ரிக்கர்.
அது யார் கையில் இருக்கிறதோ
அவருக்கு மட்டும் விளக்கு வெட்டும்,
மற்றவர்களுக்கு இருட்டு.
‘இந்தக் கேமரா கண்ணைத் தானே தேடிப்பிடிக்கும்,
தலை திரும்பினாலும் விடாது’
மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் முறை வந்தது.
பச்சைச் சதுரம் அலைந்து
அவள் இடது கண்ணில் உட்கார்ந்தது.
அந்தக் கண் என்னை முதலில் கண்டுபிடித்தது.

ரெஜிலா.
இரண்டு வருஷம் முன்பு, முளகுமூட்டில்.
கல்யாணம் நாற்பது நாள்தான் நின்றது என்று
யாரோ சொல்லியிருந்தார்கள்.
ஆல்பம் வாங்க ஒருவரும் வரவில்லை.
அழுத்தினேன்.
பின்னால் நின்றவன் தோளைத் தட்டினான்,
ட்ரிக்கரைக் கழற்றிக் கொடுத்தேன்.

மத்தியானம் கை கழுவுமிடத்தில்
பட்டின்மேல் துவர்த்து விரித்து
பிரியாணி தின்றுகொண்டிருந்தாள்.
‘அக்கா, அந்தப் படமெல்லாம் உண்டுமா?’
உண்டு.
‘பாக்கி எவ்வளவு தரணும்?’
அது மாப்பிள்ளை வீட்டுக் கணக்கு என்றேன்.
எலும்பை ஓரம் ஒதுக்கினாள்.
‘அதுல நான் மட்டும் நிக்கது எத்தனை காணும்?’

ஒரு பேட்டரி வாங்கினேன்.
இலவசமாக ஒரு தொப்பி.
பஸ்ஸில் கண்டக்டர் அட்டையை வாசித்துவிட்டு
‘சாருக்கு எங்க?’ என்றார்.
தக்கலை.

ஆயிரத்து நானூறு படங்களை
ஜன்னலோரம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.
பார்வதிபுரம் வரை ஏழு தேறியது,
அதில் நான்கில் தோளில் யாரோ ஒருவர் கை.
சுங்கான்கடை தாண்டி மழை பிடித்தது,
ஷட்டரை இறக்கச் சொன்னார்கள்.
அப்போதுதான் எட்டாவது வந்தது.
பூ வைக்குமுன், முகம் கழுவிய ஈரத்தோடு,
கதவுக்கு வெளியே யாரிடமோ தண்ணீர் கேட்கிறாள்.
ஆல்பத்துக்கு எடுத்ததில்லை.
வெளிச்சம் போதுமா என்று
பார்த்துக்கொண்டது.