அக்டோபர் நான்கு, டப்ளின்

கொடிக்கு இஸ்திரி போட்டவள் நான்.
நடுவில் உள்ள கறுப்புத் தொப்பி கசங்கினால்
ராஜாவே கசங்கியது போல, என்பார் தூதர்.

வெளியே மழை. ஹீட்டர் செத்து நாலு நாள்.
சுதந்திர தின உரையில் மூன்று இடங்களில்
'கதகதப்பான நட்பு' வந்தது.
ஒன்றை நான் அடித்திருந்தேன்.
எப்படியோ திரும்ப முளைத்துவிட்டது.

கம்பளி போர்த்தி வந்த லெசோத்தோக்காரர்கள் ஒன்பது பேர்.
மற்ற யாரும் கோட்டைக் கழற்றவில்லை.
தங்களுக்குள் பேச்சே இல்லாத இரு நாடுகளின் தூதர்கள்
ஒரே சூப்புப் பாத்திரத்தில் கை காய்ந்தார்கள்,
ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி.

பட்டியலில் எண் நாற்பத்தொன்று:
டோனல் ஹெனகன், கட்டட உரிமையாளர்.
மூன்று மாத வாடகை வங்கியில் சிக்கியிருப்பதால்
அவருக்கு மட்டும்
தூதர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

ஹெனகன் கோப்பையைத் தூக்கி
"உங்கள் ராஜாவுக்கு" என்றார்,
தன் நாட்டிலிருந்து ராஜாவை
எப்போதோ வழியனுப்பிவிட்டவர்.
பிறகு என் காதோரம்:
"லினேயோ, திங்கட்கிழமை பார்ப்போம்."

மெக்கானிக்கா, வக்கீலா, யாரோடு?
நன்றி என்றேன், அரசு முறைப்படி.

எல்லோரும் போனபின்
நனைந்த கொடியை இறக்கி
செத்த ஹீட்டர்மேல் விரித்தேன்.
ஊரில் பீச் மரங்கள் பூ உதிர்த்து முடித்திருக்கும்.
பச்சைப் பட்டையிலிருந்து
தரைக்கம்பளத்தில் சொட்டுகிறது
அவர்கள் மழை.