பின்பக்கம்

ஒன்று புள்ளி ஒன்று இரண்டு கிராம்.
தங்கச்சிமடம் நகைக்கடைத் தராசு.
மின்விசிறியை நிறுத்திவிட்டுக்
காசை நிறுத்தேன், இரண்டு முறை.

நண்டு வலையைக் கழிக்கையில் கிடைத்ததாம்.
ஈயக்குண்டோ என்று கடித்துப் பார்த்திருக்கிறாள் சலேத்மேரி.
அந்தப் பல்தடம் சென்ற செவ்வாய்க்கிழமையுடையது;
அதற்கு மட்டும் தயங்காமல் தேதி சொல்வேன்.

முன்பக்கம் ஓர் அரசன்.
மூக்கு மிச்சம், பெயரை உப்பு தின்றுவிட்டது
என்றுதான் முதலில் நினைத்தேன்.
லென்ஸில் பார்த்தால் எழுத்தே இல்லை:
கோடு, கோடு, ஒரு வட்டம், மறுபடி கோடு.
வாசிக்கத் தெரியாத எவனோ
வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வெட்டிய அச்சு.
ரோமாபுரிக் காசைப் பார்த்து
எந்தக் கரையில் அடித்தானோ.

பின்பக்கம் சிறகுள்ள ஒருத்தி
கைதி ஒருவனை இழுத்துப் போகிறாள்.
வெற்றி என்று அவளுக்குப் பெயர்.
பட்டியல்களில் எல்லாம் இடப்பக்கம் நடப்பாள்.
இதில் வலப்பக்கம்.
மூன்று தொகுதி புரட்டியும் இவள் இல்லை.

நான்காம் நூற்றாண்டின் கடைசிக்கு முன்னே போகாது.
பின்னே எவ்வளவு தூரம்?
பென்சிலால் ஒரு கோடு இழுத்து
மறுமுனையைத் திறந்தே விட்டேன்.

லென்ஸைக் கேட்டு வாங்கினாள் சலேத்மேரி.
அரசனைப் பார்க்கவில்லை.
"இவன எப்ப விட்டாங்க?"

எல்லை தாண்டியதாக அவள் வீட்டுக்காரர்
யாழ்ப்பாணம் சிறையில். அறுபத்திரண்டாம் நாள்.
படகு காங்கேசன்துறையில், வெயிலில்.

எடை, விட்டம், கிடைத்த இடம்.
பதிவேட்டில் வேறு கட்டம் இல்லை.

வாசல் வரை போனவள் திரும்பினாள்.
"அந்தக் கரையிலயும் இது கிடைக்குமா சார்?"

கிடைக்கும் என்றேன்.
நிறைய.