பதினாறு புள்ளிகள்

கறுப்புத் திரையில் ஓர் ஆள்.
சதை இல்லை, சட்டை இல்லை.
பதினெட்டுப் புள்ளிகள், இடையே வண்ணக் கோடுகள்.
முழங்காலைப் பிடித்து இழுத்தால் மடிவான்,
தோளைத் தள்ளினால் சாய்வான்.
இந்தக் குச்சி மனிதனைக் கொடுத்தால்
அதே நிலையில் ஒரு முழு மனிதனை
வரைந்து தரும் இயந்திரம்.

வால்பரைசோ துறைமுகச் சங்கத்தின் நாட்காட்டி.
மே மாதத்துக்கு பால்டொமேரோ கிலோத்ரான்:
கிரேனுக்குக் கீழே,
வடத்தைத் தோளில் போட்டு
அண்ணாந்து நிற்க வேண்டும்.
இடது கை முழங்கைக்கு மேலேயே முடிந்துவிடும்.
இரும்புக்கயிறு அதை அறுத்துக்கொண்டு போய்ப்
பதினொரு வருடம்.

முழங்கைப் புள்ளியை அழித்தேன்.
மணிக்கட்டுப் புள்ளியை அழித்தேன்.
பச்சைக் கோடு போயிற்று.
வந்த படத்தில் இடது கை
கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

'கை இல்லை' என்று எழுதினேன்.
முதுகுக்குப் பின்னால் ஒளித்தது.
'ஒற்றைக் கை' என்றேன்.
வலதை எடுத்துவிட்டு இடதை வைத்தது,
ஆறு விரலோடு.
பிடியை இறுக்கி அழுத்தத்தை ஒன்றரைக்கு ஏற்றினேன்.
வடம் நெளிந்தது, கிரேன் உருகியது,
ஒரு மூட்டைக்குப் பின்னாலிருந்து
சமர்த்தாக எட்டிப் பார்த்தது கட்டைவிரல்.

எத்தனை கோடி உடம்புகளைப் பார்த்ததோ,
புள்ளி இல்லாத இடத்தில்
ஏதோ மறைந்திருக்கிறது என்றே படித்திருக்கிறது.
எல்லாம் தெரியும்,
கைவிட மட்டும் தெரியாது.

மாலை ஆறரைக்கு அவரே வந்தார்,
மலைத்தூக்கி பழுது என்று படியேறி, மூச்சு வாங்க.
காலிச் சட்டைக்கையை மடித்து
இரண்டு ஊக்கு குத்தியிருந்தார்.
நாற்பத்தொரு படங்களையும் காட்டினேன்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
சிரித்தார்.
"மூன்று டாக்டரும் ஒரு வக்கீலும்
வாங்கித் தராததை
நாலு நொடியில் தருகிறதே உன் பெட்டி!"

பதினேழாவதைப் பெரிதாக்கச் சொன்னார்.
வடத்தைப் பற்றியிருந்த இடது கை.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.
கீழே தெருவில் நாய் ஒன்று
குரைத்து முடித்துவிட்டுப் போனது.

"இது என்னுடையது இல்லை.
நகத்தைப் பார், தார் ஏறவே இல்லை.
என் சுண்டுவிரல் இவ்வளவு நேராக எப்போது இருந்தது?"

எழுந்தார். மின்சார ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டி
என் சமையலறை விளக்கை
கிரேனைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்.
போட்டோ எடுத்தேன்.
அதிலிருந்தே எலும்புக்கோட்டைப் பிரிக்கச் சொன்னேன்.

இரண்டு ஊக்குகளையும் பொருட்படுத்தாமல்
தோளிலிருந்து ஒரு பச்சைக் கோடு
வெறும் காற்றில் இறங்கி,
இடுப்புக்குச் சற்றுத் தள்ளி
ஒரு புள்ளியில் நின்றது.

நான் அழிக்கப் போனேன்.
"பொறு," என்றார்.
திரையைத் தொடாமல் விரலை அருகே கொண்டுபோய்,
"இங்கேதான்.
ராத்திரியில் அரிப்பது
சரியாக இங்கேதான்."

அச்சகத்துக்கு
வியாழக்கிழமை காலை கொடுக்க வேண்டும்.